நூலகத்துப் பழைய கணிப்பொறி

ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்தே செல்கிறவர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். முதல் முறை செல்கிறவர் பெரிய மூட்டையோடு புறப்படுவார். பலமுறை சென்று வந்தவரோ ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, ஒரு தண்ணீர்ப் புட்டி, இவற்றோடு நிறுத்திக்கொள்வார். மூட்டை சிறிதானால் நடை விரைவாகும். இந்த எளிய உண்மையை எங்கள் நூலகத்துப் பழைய கணிப்பொறி இவ்வாண்டு எங்களுக்குக் கற்பித்தது. அதோடு நாங்கள் எதிர்பாராத வேறொரு பாடத்தையும் கற்பித்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

நூலகத்தின் மூலையில் ஒரு கணிப்பொறி இருக்கிறது. அதற்கு ஒரே வேலைதான். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நூலகச் சிஸ்டர், கண்பார்வை மங்கிவரும் நிலையிலும், இரண்டு ஆண்டுகளாகத் தினமும் சிறிது சிறிதாக 1,146 தமிழ்ப் புத்தகங்களின் பெயர்களை அதில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். ஆனால் பொத்தானை அழுத்தினால் அது விழித்தெழ ஆறு நிமிடங்களுக்கு மேல் ஆகும். இடைவேளையோ பத்தே நிமிடங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, புத்தகம் கேட்காமலே ஓடிவிடுவார்கள். “அரையாண்டுத் தேர்வுக்குள் அது சரியாகாவிட்டால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம்” என்று மதர் சொல்லிவிட்டார். சிஸ்டரின் முகம் வாடியதைக் கண்டு, பத்தாம் வகுப்பு மாணவியர் நாங்கள் ஐவர், “எங்களிடம் கொடுங்கள் சிஸ்டர், பார்க்கிறோம்” என்று முன்வந்தோம்.

கணிப்பொறி டீச்சரிடம் முதலில் பாடம் கேட்டோம். பொத்தானை அழுத்தியதும் ‘பயாஸ்’ என்னும் சிறு நிரல் விழித்து, நினைவகம், விசைப்பலகை, வட்டு எல்லாம் உண்டா எனப் பார்க்கிறது. பிறகு வட்டிலிருந்து இயங்குதளத்தின் கருவை ஏற்றுகிறது. கரு எழுந்தபின் ஒவ்வொரு பணியாளரையும் எழுப்புகிறது. அச்சுப்பொறிக்கு ஒருவர், வலையிணைப்புக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர் என்று வரிசை நீளும். அத்தனை பேரும் எழுந்த பிறகே நமக்குத் திரை கிடைக்கிறது. எங்கள் எந்திரத்தில் இருந்தது 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. பல ஆண்டுகளாக யார் யாரோ ஏற்றி வைத்த நிரல்கள் எல்லாம் காலையில் ஒன்றாக எழ முயன்றன. நினைவகமோ 1 ஜிகாபைட்தான். செயலியும் பழைய 32 பிட் வகை.

ஆனால் தாமதம் முழுவதற்கும் இயங்குதளமே காரணம் அல்ல. பலகையில் இருந்த நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. அதனால் எந்திரம் தினமும் தேதியை மறந்து, “எஃப்1 விசையை அழுத்து” என்று கேட்டு நின்றது. சிஆர்2032 என்னும் 3 வோல்ட் மின்கலம் ஒன்றை வாங்கி மாற்றினோம். அந்த நச்சரிப்பு நின்றது. நோய் இன்னதென்று பாராமல் மருந்து தேடக்கூடாது என்று அன்று தெரிந்துகொண்டோம்.

அடுத்து, எந்த இயங்குதளத்தை வைப்பது? பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் என்னும் கருவைக் கொண்டு எத்தனையோ இயங்குதளங்கள் பிறந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை விலையின்றிக் கிடைக்கின்றன. டீச்சர் துணையோடு மூன்றைப் பென் டிரைவில் ஏற்றி, சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துச் சோதித்தோம்.

முதலாவது டைனி கோர். சுமார் 20 மெகாபைட் அளவுதான். 31 விநாடியில் எழுந்தது! நாங்கள் கைதட்டிவிட்டோம். சிறு பட்டியல் ஒன்றை அதில் எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. மீண்டும் போட்டுப் பார்த்தால் பட்டியலைக் காணோம். அது முழுவதும் நினைவகத்திலேயே வாழ்வது. முறையாக நிறுத்தி, சேமிக்கச் சொன்னால்தான் நம் கோப்புகளை வைத்துக்கொள்ளும். வேறுவிதமாக அமைக்கலாம் என்றாலும், எங்கள் கைக்கு அது எட்டவில்லை.

இரண்டாவது பப்பி லினக்ஸ். ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003இல் தொடங்கியது. 1 நிமிடம் 25 விநாடி. பார்க்க அழகாகவும் இருந்தது. ஆனால் வழக்கமாக அது எல்லாரையும் ‘ரூட்’ என்னும் தலைமை அதிகாரத்தோடு உள்ளே விடுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை தெரியாமல் ஒரு விசையைத் தட்டினால் எதுவும் அழிந்துபோகலாம்.

மூன்றாவது ஆன்டிஎக்ஸ். 1993இல் தோன்றிய டெபியன் குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய 32 பிட் எந்திரத்துக்கும் கிடைத்தது. பென் டிரைவிலிருந்து எழ 1 நிமிடம் 50 விநாடி ஆனது. மூன்றிலும் மெதுவானது இதுவே. ஆயினும் பயனாளருக்குத் தனிக் கணக்கு உண்டு. தமிழ் எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் எளிதாகச் சேர்ந்தன. மின்சாரம் போனாலும் வட்டில் சேமித்தது நிற்கும். எது வேகமானது என்பதைவிட, எது எங்கள் வேலைக்குப் பொருந்துவது என்று கேட்டு, இதையே தேர்ந்தெடுத்தோம்.

இனிச் சொல்லப் போவதை எழுதலாமா என்று நாங்கள் ஐவரும் நெடுநேரம் யோசித்தோம். வட்டில் நிறுவுமுன் சிஸ்டரின் பட்டியலைப் பென் டிரைவில் நகல் எடுத்தோம். “முழு வட்டையும் பயன்படுத்தட்டுமா?” என்று எந்திரம் கேட்டது. தயங்காமல் ‘ஆம்’ என்றோம். நிறுவி முடிந்ததும் நகலைத் திறந்தோம். திறக்கவில்லை. நாங்கள் நகல் எடுத்தது பட்டியலை அன்று. திரையில் இருந்த அதன் குறுக்குவழியை மட்டுமே! அளவு 2 கிலோபைட் என்று காட்டியதைக் கவனித்திருந்தாலே போதும். 1,146 புத்தகங்கள் 2 கிலோபைட்டில் அடங்குமா? யாரும் கவனிக்கவில்லை. டீச்சரிடமும் காட்டவில்லை.

அன்று மாலை வேப்பமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். “வட்டு பழையது, தானாகவே கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்” என்றாள் எங்களில் ஒருத்தி. உண்மைதான், யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அதுவே எங்களை உறுத்தியது. அன்று இரவு எங்களில் எவரும் சரியாக உறங்கவில்லை. மறுநாள் காலை மணி அடிக்குமுன் சிஸ்டரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

சிஸ்டர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பீரோவைத் திறந்து, காலிக்கோ அட்டை போட்ட மூன்று வரவுப் பதிவேடுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். “எந்திரத்தை நம்பி நான் இதைத் தூக்கிப் போடவில்லை பிள்ளைகளே. கைவிரல் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. உட்காருங்கள்” என்றார். வேறு ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

மதிய உணவுக்குப் பின் தினமும் கணிப்பொறி அறையில் மூன்று எந்திரங்களில் முறை வைத்து உட்கார்ந்தோம். ஒருவர் பதிவேட்டைப் படிக்க, மற்றவர் அடித்தார். 18 பள்ளி நாட்களில் 1,146 பெயர்களும் ஏறின. அப்போதுதான் நம் நூலகத்தில் இத்தனை நல்ல புத்தகங்கள் உள்ளன என்பதே எங்களுக்குத் தெரிந்தது. இந்த முறை இரண்டு பென் டிரைவ்களில் நகல் எடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்த பிறகே நிம்மதியடைந்தோம்.

கடைசியில் ஆன்டிஎக்ஸில் தேவையற்ற பணியாளர்களுக்கு ஓய்வு கொடுத்தோம். அச்சுப்பொறி இல்லை, புளூடூத் இல்லை, வலையிணைப்பும் இல்லை. எழுந்ததும் க்னூமெரிக் என்னும் எளிய அட்டவணை நிரலில் பட்டியல் தானே திறக்கும்படி அமைத்தோம். பொத்தானை அழுத்தியதிலிருந்து பட்டியல் தோன்றும் வரை 52 விநாடி. மதர் தாமே வந்து தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். “பழைய சாமான்காரர் இனி வேறு வீடு பார்க்கட்டும்” என்று சிரித்தார்.

அன்புத் தங்கையரே, அடுத்த ஆண்டு நாங்கள் இந்த வகுப்பில் இருக்க மாட்டோம். அந்தக் கணிப்பொறியை உங்களிடம் ஒப்படைத்துச் செல்கிறோம். அதற்கு ஒரே வேலைதான். வேறு சுமை ஏற்றாதீர்கள். வாரந்தோறும் நகல் எடுங்கள். எடுத்த நகலைத் திறந்து பாருங்கள். தவறு நேர்ந்தால் மறுநாள் மணி அடிக்கும்வரைகூடக் காத்திராமல் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். மனத்தின் மூட்டையும் சிறியதாக இருப்பதே நடைக்கு நல்லது.

— பத்தாம் வகுப்பு மாணவி