கமாவும் புள்ளியும்

என் மகள் வயிற்றுப் பேத்தி லியோனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். போன மாதம் லீவில் புதுவைக்கு வந்தவள், வேலையையும் கையோடு கொண்டு வந்துவிட்டாள். அவர்கள் கம்பெனிக்கென்று ஒரு சிறிய புரோகிராமிங் மொழி இருக்கிறதாம். சி மொழியில் எழுதியது. இதுநாள்வரை இன்டெல் சிப்பில் ஓடியதை, உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை போர்டில், ஏ.ஆர்.எம். சிப்பில் ஓட வைக்க வேண்டும். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நூற்றுக்கணக்கான டெஸ்டுகள். வர வேண்டிய விடையைக் கூடவே எழுதி வைத்திருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் பாஸ்.

பழைய மெஷினில் எல்லாம் பாஸ். இதில் ஏகப்பட்ட ஃபெயில். புது சிப்தான் காரணம் என்று மூன்று நாளாக அதையே துருவிக்கொண்டிருந்தாள்.

காபி கொண்டுபோய் வைத்தபோது திரையைப் பார்த்தேன். வர வேண்டியது 3.75, வந்தது 3. அடுத்த வரியில் வர வேண்டியது 0.5, வந்தது 0,5. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது சிப்பு இல்லம்மா, எங்க பள்ளிக்கூடம்" என்றேன்.

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குத் தெரியும். தசமத்துக்குப் புள்ளி கிடையாது, விர்குல்தான். ஆயிரத்துக்கு இடம் விட்டு எழுதுவோம். சர்க்கார் வேலையில் சேர்ந்த பிறகு அந்தக் கைப்பழக்கம் மாற எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

போர்டை முதன்முதலில் ஆன் செய்தபோது எந்த நாடு என்று கேட்டிருக்கிறது. இவள் பிரான்ஸ் என்று கொடுத்திருக்கிறாள். சி-யில் எழுதிய புரோகிராம் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டால், எண்ணைப் படிக்கும்போதும் கமாவைத்தான் எதிர்பார்க்கும். 3.75-இல் 3 வரை படித்து, புள்ளியைக் கண்டதும் எண் முடிந்தது என்று நின்றுவிடும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. சம்பளப் பட்டியலில் இப்படிச் சத்தமில்லாமல் பைசா உதிர்ந்தால் என்ன ஆகும் என்றுதான் என் புத்தி போயிற்று.

டெஸ்ட் ஓட்டும் நேரத்துக்கு மட்டும் நாட்டு அமைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தாள். இரண்டைத் தவிர அத்தனையும் பாஸ்.

"போதும் தாத்தா, அந்த ரெண்டையும் பார்த்துட்டு திங்கட்கிழமை இப்படியே குடுத்துடலாம்."

கூடாது என்றேன். ஆடிட் வரும் நாளில் மட்டும் கல்லாவில் ரொக்கம் சரியாக இருக்கிற கதை அது. பிரெஞ்சு அமைப்பில் வைத்திருப்பவர் மெஷினில் 3.75 இன்னும் 3-தானே? முகம் வாடிவிட்டது. கொஞ்சம் வாக்குவாதமும் ஆயிற்று; அவள் பாட்டி வந்து என்னைத்தான் அதட்டினாள். பிறகு அவளாகவே உட்கார்ந்து, எண் விஷயத்தில் மட்டும் எந்த நாட்டு அமைப்பையும் பார்க்காதபடி மொழியையே திருத்தினாள். டெஸ்டுகள் பிரெஞ்சு அமைப்பிலும் ஒரு முறை ஓடும்படி சேர்த்தாள்.

பாக்கி இரண்டும் நிஜமாகவே சிப் விவகாரம். லினக்ஸில் 'சார்' என்கிற ஒரு பைட் எண், இன்டெலில் மைனஸுக்கும் போகுமாம், ஏ.ஆர்.எம்.மில் போகாது. -1 என்று வைத்தது 255 ஆகி நின்றது. மைனஸும் உண்டு என்று வெளிப்படையாக எழுதியதும் சரியாகிவிட்டது. அப்போது ஞாயிறு இரவு பதினொரு மணி.