மறையூரில் சந்தனம் எங்கே மணக்கிறது?

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் மறையூருக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். சின்னாறு செக்போஸ்ட் தாண்டியதுமே பக்கத்து சீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். "இன்னும் கொஞ்ச தூரந்தான் சார். காத்துலயே சந்தனம் மணக்கும். மனசு லேசாயிடும்." ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்தோம். டீசல் புகையும் காய்ந்த புல் வாடையும்தான் உள்ளே வந்தன.

ஊரில் இறங்கி, பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு கட்டன் காபி குடித்துவிட்டு, மூணாறு ரோட்டில் நானும் போட்டோக்காரத் தம்பியும் நடந்தோம். சாலையோரம் நெடுகக் கம்பிவேலி. அதற்குள்ளே சந்தன மரங்கள், உடம்பில் நம்பரோடு. இந்தப் பகுதியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கருத்துப் பொரிந்த பட்டை. பாதி மரங்கள் என் தொடை அளவுகூட இல்லை. பக்கத்து மரங்களின் வேரில் வேர் கோத்து உறிஞ்சிப் பிழைக்கும் மரத்துக்கு இத்தனை காவல்! வேலிக்கு வெளியே கிடந்த இலையைக் கசக்கி முகர்ந்தேன். வெறும் பச்சிலை வாடை. பட்டையிலும் ஒன்றுமில்லை. வாசனை எண்ணெய் ஊறுவது உள்ளே இருக்கும் வைரத்திலும் வேரிலும்தான். நிற்கிற மரம் மணக்காது.

அப்படியென்றால் வெட்டிய கட்டையைப் பார்த்தாக வேண்டும். வனத்துறை டிப்போவுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தோம். கேமராவை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஒருவர் கட்டையின் மேல் இருக்கும் வெள்ளையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளை போகப் போக மஞ்சளும் பழுப்புமாக வைரம் தெரிந்தது. அப்போதுதான் மூக்கில் ஏறியது: பால் கலந்தாற்போல் மெத்தென்று ஒரு மணம். எனக்குத் தைப்பூசக் காவடி கண்முன் வந்தது. தம்பியின் முகமோ சுருங்கிவிட்டது.

"எழவு வீட்டு வாசம் அடிக்குதுங்கண்ணா. தாத்தாவைக் கிடத்தியிருந்தப்ப ராவெல்லாம் சந்தன வத்திதான்."

ஒரே கட்டை, ஒரே நிமிஷம். மற்றப் புலன்களின் செய்தி மூளையில் ஓர் இடைநிலையத்தில் நின்றுதான் மேலே போகும். மணம் அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் நேராகப் போய்விடுகிறது. அதனால் பெயர் தெரிவதற்கு முன்பே காவடியும் பிணமும் வந்து நிற்கின்றன. 'சந்தனம் மனசை அமைதியாக்கும்' என்று ஊதுவத்தி அட்டை சொல்லும். 2006இல் வெளியான வியன்னா ஆய்வு ஒன்றில், சந்தன எண்ணெயை முகர்ந்தவர்களுக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், மணமற்றதை முகர்ந்தவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. அமைதி அல்ல, விழிப்பு. நான் அட்டையை நம்பவில்லை. இப்போது தம்பியின் முகத்தையும் பார்த்துவிட்டேன்.

கால் மணி நேரத்தில் மணம் காணாமல் போனது. மூக்கு பழகிவிட்டது. செதுக்குகிறவரிடம் கேட்டேன். "காலைல வந்து நுழையறப்போ தெரியும் சார். அதுக்கப்புறம் மரந்தான்" என்றார், வாய்ச்சியிலிருந்து கண்ணெடுக்காமல்.

வெளியே வேலியோரம் காவலர் ஒருவர் ரோந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரவு முழுக்கக் காட்டுக்குள் நடக்கிறவர்.

"அண்ணே, உங்களுக்காவது காட்டுக்குள்ள சந்தனம் மணக்குமா?"

"மணக்கக் கூடாது சார்."

"ஏன்?"

"ராத்திரில அந்த வாசம் வந்துச்சுன்னா, எவனோ மரத்தை அறுத்துட்டான்னு அர்த்தம். மரத்தூள்தான் அப்படி மணக்கும். அந்த வாசம் பட்டாலே வயித்தைக் கலக்கும். எவ்வளவு நேரம் ஆச்சு, எந்தப் பக்கம் போனான், எத்தனை பேரு, ஒண்ணும் தெரியாது. அப்புறம் நம்பரைப் பாத்து எழுதணும், மேல பதில் சொல்லணும்."

"வீட்டுல சந்தனம் வெச்சுக்குவீங்களா?"

"கோயில்ல குடுத்தா நெத்தியில வெச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டு, டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.