தாட்டியான மனுஷி

ஆத்தூர் தாண்டினால் கொடிக்காலின் ஈர வாசம் கொஞ்ச தூரம் கூடவே வரும். பிறகு உப்பளம். பிறகு கருவாடு. கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், புன்னக்காயல் வந்தாச்சு என்று. நீயும் வந்திருக்கிறாய்தானே, ஆச்சியின் ஓலைப்பெட்டிக்கு அந்தப் பக்கம் கைகொடுத்துக்கொண்டு?

போகும்போது பெட்டியில் வெற்றிலை, திரும்பும்போது கருவாடு. ராஜகன்னி மாதா கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு திண்ணை. அதில் ஒரு அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளைச் சேலை, தோளில் இடிக்கும் பாம்படம். வெற்றிலையை எண்ண மாட்டாள். ஒன்றை எடுத்து மோந்து பார்ப்பாள், அவ்வளவுதான் கணக்கு. கோயில் மணி அடிக்கிறது. முக்காடு போட்டு எழுந்து நிற்கிறாள். சண்டை போட்டுக்கொண்டிருந்த தெருவே வாயடைத்துப் போகிறது. எங்க ஆச்சியும் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த முத்தாரம்மனைக் கும்பிட்டுக்கொள்வாள்.

"தாட்டியான மனுஷிடே."

"ஈர்க்குச்சி மாதிரில்லா இருக்காவ ஆச்சி?"

"ஒடம்பையா சொன்னேன்? அந்த இருப்பச் சொன்னேம்ல."

இந்த ஊரில் இருந்துகொண்டுதான் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் தமிழ் படித்து, போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சேறியது. ஆச்சி சொன்ன அந்த 'இருப்பு' எந்த இலக்கணத்தில் அடங்கும்? பொதுப் பேச்சில் தாட்டி என்பது உடல் பருமன்தான். எங்கள் பக்கம் ஆம்பளைக்கு அப்படித்தான் சொல்வார்கள். பொம்பளைக்குப் பேரன் பேத்தி எடுத்த பிறகு அதே சொல் வேறாகிவிடும். குமருக்கு 'லட்சணம்', கட்டிக்கொடுத்தவளுக்கு 'மங்களகரம்'. இரண்டாவது, புருசன் போன அன்றைக்கே கூடப் போய்விடும். அந்த அம்மாவின் புருசனைக் கடல் கொண்டுபோயிருந்தது. எங்க ஆச்சியும் வெள்ளைச் சேலைதான். ஒரு தாலியறுத்தவள் இன்னொரு தாலியறுத்தவளுக்குக் கொடுக்க, ஊரில் மிச்சமிருந்த மரியாதையான சொல் அது ஒன்றுதான். சின்ன வயசில் எனக்கு இது உறைக்கவில்லை.

போன வருசம் போனேன். திண்ணை இல்லை, கிரில் கேட். மணி அடித்தபோது தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்காமல் போனது.

வருகிற வழியில் தூத்துக்குடியில் ஒரு துணிக்கடை. கூட வந்த எழுபது வயது அக்காவுக்கு நைட்டி கேட்டோம். கடைப்பையன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்: "அண்ணே, தாட்டியானவங்களுக்கு டபுள் எக்ஸெல் எடுங்க!"

அக்கா விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் அவளிடம் ஆச்சி சொன்ன பொருளைச் சொன்னேன். நம்பவில்லை.