பி.காம். படித்தவனும் ஒரு பசுமாடும்

உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்லட்டுமா? பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், காபி வருவதற்குள் அந்த வீட்டின் வரவு செலவை மனசுக்குள் போட்டுப் பார்த்துவிடுவோம். கேட்டால் யோசனை வேறு சொல்வோம்.

2012-ல் காங்கேயம் பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா தவறி இரண்டு வருஷம். லட்சுமி என்று ஒரு ஜெர்ஸி கலப்பு மாடு. தினம் பத்து லிட்டர் பால். அதை சொசைட்டிக்கு ஊற்றித்தான் ஜீவனம். பால் அட்டையையும் பிண்ணாக்குக் கடை சிட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வருகிற காசில் பெரும்பகுதி கடைக்காரருக்கே போய்க்கொண்டிருந்தது.

“ஏனுங்க அத்தை, ரேஷன் அரிசிதான் இப்ப இலவசமாச்சே. வடிச்சுப் போட்டா வயிறு நிறைஞ்சிருமே. பிண்ணாக்குக்கு எதுக்கு இவ்வளவு காசு?”

“படிச்ச புள்ள சொல்றே... செஞ்சு பாக்கறேன் கண்ணு.”

அன்று சாயங்காலமே ஒரு அண்டா சோறு. லட்சுமி ஆசை ஆசையாகத் தின்றது. நான் திண்ணையில் உட்கார்ந்து மாச லாபத்தைக் கணக்குப் போட்டேன்.

விடிந்தபோது மாடு எழவில்லை. இடதுபக்க வயிறு உப்பல். அசை போடுவது நின்றுவிட்டது. சாணம் தண்ணியாக, புளித்த வாடையோடு. பைக்கில் வந்த கால்நடை டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: “நேத்து என்னம்மா போட்டீங்க?”

“சோறு கொஞ்சம் அதிகமாயிருச்சுங்க” என்றார் அத்தை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, குளுகோஸ் ஏற்றி, சாயங்காலம்வரை போராட்டம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் தனக்கு இதுதான் வேலை என்றார் டாக்டர். மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. தீவனத்தைச் செரிப்பது அவைதான். திடீரென்று சோற்றைக் கொட்டினால் அது புளித்து அமிலமாகி, அவற்றையே கொன்றுவிடும். அசை போடும்போது ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் ஊறுமாம். அதிலிருக்கும் சோடா உப்புதான் வயிற்றுப் புளிப்பை அடக்கி வைக்கிறது. அசையே நின்றுபோனால்?

ராத்திரி எட்டு மணிக்கு லட்சுமி எழுந்தது. அத்தை அப்போதுதான் அழுதார்.

இனி நீங்கள் எதிர்பார்க்காத விஷயம். நான் போட்ட கணக்கு முழுக்கத் தப்பில்லையாம்! அத்தை அதுவரை போட்டது வெறும் பிண்ணாக்கும் தவிடும்தான். புரதம் இருக்கிறது; அதைப் பாலாக்கத் தெம்பு தரும் தானியம் இல்லை. டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 35, கடலைப் பிண்ணாக்கு 15, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு 15, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. லட்சுமிக்கு ஐந்தரைக் கிலோ வந்தது. பசுந்தீவனம் தாராளமாகக் கிடைத்தால் குறைத்துக்கொள்ளலாம்.

சோளத்தை முழுசாகப் போட்டால் ஒரு பகுதி அப்படியே சாணத்தில் வந்துவிடும். மாவாக அரைத்தால் மறுபடி புளிப்பு. குருணையாக உடைக்க வேண்டும். பூஞ்சைக் காளான் பிடித்த பிண்ணாக்கு வாசலுக்குள்ளேயே வரக்கூடாது. அதன் நஞ்சு பால்வரை போகும். எதையும் ஒரே நாளில் மாற்றாமல், பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, இரண்டு வாரத்தில் மாற்றணும். தண்ணியில் கரைக்காமல் பிசிறிப் போடுங்கள் என்றும் சொன்னார். அதை மட்டும் அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணி காட்டாவிட்டால் மாடு கோவிச்சுக்குமாம்.

கடலைப் பிண்ணாக்கில் பாதியை விலை குறைவான மக்காச்சோளம் பிடித்துக்கொண்டதில் செலவு நிஜமாகவே இறங்கியது. இரண்டு மாசத்தில் பால் ஒரு லிட்டருக்கு மேல் கூடியது. (மாட்டுக்கு மாடு கம்ப்யூட்டரில் தீவனக் கணக்குப் போட்டுத் தரும் திட்டத்தை, தேசிய பால்வள வாரியம் 2019 வரை பல மாநிலங்களில் நடத்தியது. நம்ம காஸ்ட் அக்கவுண்டன்சிதான். நான் அண்டாவில் போட்டேன்.)

லட்சுமி இப்போது இல்லை. அதன் பேத்தி கட்டுத்தறியில் நிற்கிறது. நான் ஊருக்குப் போனால் அத்தைக்கு அதே சிரிப்பு, அதே காபி. பால் அட்டை மட்டும் பீரோவுக்குள் போய்விடுகிறது.