புது மலை ஸ்னோமொபைலுக்கு முதலில் எதைப் பலப்படுத்துவது?

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் பக்கத்து மலைகளில் ஓடும் ஸ்னோமொபைல் எடை குறைவாகத்தான் கட்டப்படுகிறது.
ஆழமான புதுப்பனியில் புதையாமல் போக அது அவசியம்.
ஆனால் தகடும் குழாயும் மெலிந்துவிடுகின்றன.

முதல் செலவு அடிப்பாகத்துக்கு.
பனிக்கடியில் மறைந்த பாறையும் மரக்கட்டையும் மோதுவது அங்கேதான்.
கெட்டியான அடித்தகட்டைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்து பின் பம்பர். புதைந்த வண்டியை ஆட்கள் இழுப்பதே அதைப் பிடித்துத்தான்.

ஸ்கீயைத் தாங்கும் கைகளைக் கடினமான எஃகில் மாற்றுவோர் உண்டு.
இதில் நிதானம் வேண்டும்.
கை வளைந்தால் அதை மட்டும் மாற்றலாம்.
அது வளையாமல் நின்றால் அடி சட்டத்துக்கு இறங்கும். சட்டம் கோணினால் செலவு பல மடங்கு.

ஐஸ் ஸ்கிராச்சர் சின்னச் சாமான்தான், ஆனால் கட்டாயம்.
டிராக் வாரியடிக்கும் பனிதான் எஞ்சின் சூட்டைத் தணிக்கிறது, டிராக்கின் உள்ளே உரசும் பிளாஸ்டிக் பட்டையையும் காக்கிறது.
பாதை இறுகிக் கிடந்தால் பனி எழும்பாது; எஞ்சின் கொதிக்கும், பட்டை உருகும்.
ஸ்கிராச்சரின் கம்பி தரையைக் கீறிப் பனியை எழுப்பித் தரும்.

டிரைவ் பெல்ட்டைத் தொடக்கத்தில் மிதமாக ஓட்டிப் பழக்க வேண்டும். உதிரி பெல்ட் ஒன்று எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும்.