மைம்மீன் எந்தப் பக்கம்?

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, பதினோராம் வகுப்பில் புறநானூற்றுப் பாடல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். பாரியின் நாட்டு வளத்தைக் கபிலர் பாடும் பாடல் அது. அதில் ‘மைம்மீன்’ என்றொரு சொல் வரும். ‘சனி என்னும் கோள்’ என்று கரும்பலகையில் பொருள் எழுதினேன். மை என்றால் கருமை, ஆகவே கரிய மீன் என்று விளக்கமும் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“ஐயா, அது கறுப்பாகவா தெரியும்? இப்போது வானத்தில் எந்தப் பக்கம் இருக்கும்?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொல்லியிருக்கலாம். “தேர்வில் இதையெல்லாம் கேட்கமாட்டார்கள், உட்கார்” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

அறுமீன், எழுமீன், வெள்ளி, வியாழன் என எத்தனையோ சொற்களுக்குப் பொருள் சொல்லிப் பிழைத்தவன் நான். அவற்றுள் ஒன்றையேனும் விரல் நீட்டிக் காட்டத் தெரியாமலேயே ஐம்பது வயதைக் கடந்துவிட்டேன். இத்தனைக்கும் என் சொந்த ஊர் ஆலங்காயத்திற்கு அருகில் உள்ளது. எங்கள் ஊருக்கு மேலே, ஜவ்வாது மலையின் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களைப் பார்த்துவருகிறது. மலையைப் பார்த்தே வளர்ந்த நான் மலைக்கு மேலிருந்த வானத்தைப் பார்த்ததில்லை.

ஊதிய நிலுவைத் தொகை கைக்கு வந்தபோது வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். 114 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழி ஆடி, 900 மில்லிமீட்டர் குவியத் தொலைவு, இரண்டு கண்ணருகு வில்லைகள், ஒரு முக்காலி. அதை ஊருக்கு எடுத்துச் சென்ற நாள் 2025 சனவரி 4. தற்செயலாக அன்று சனிக்கிழமை.

மாலை 6.50 மணிக்கு மாடியில் அதை நிறுத்தினேன். மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. மேற்கே வெள்ளி சுடர்விட்டது. அதற்கு மேலே ஐந்தாம் நாள் பிறை. பிறைக்குச் சற்று மேலே நிற்பதுதான் சனி என்பதை நாளிதழில் படித்து வைத்திருந்தேன். ஆர்வ மிகுதியில் அதிக உருப்பெருக்கம் தரும் வில்லையைப் பொருத்திக் கண்ணை வைத்தேன். ஒரே இருட்டு. குழலை அசைத்தேன், ஏதோ ஒரு புள்ளி மின்னலாய் ஓடி மறைந்தது. குழலின் முதுகில் குறிபார்ப்பதற்கென்று ஒரு சிறு குழல் இருக்கிறது. அதில் சனி நடுவில் தெரிந்தது; பெரிய குழலிலோ ஒன்றுமில்லை. அரை மணி நேரம் இப்படியே கழிந்தது. பனியில் வில்லை மங்க, வேட்டி நுனியால் துடைத்தேன். அப்படித் துடைக்கக் கூடாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அம்மா கயிற்றுக் கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். விடிவெள்ளியைப் பார்த்து எழுந்து, அறுமீன் சாய்வதைப் பார்த்து நேரம் சொன்னவர். ஒரு கண்ணில் புரை அறுவை ஆகியிருந்தது.

“என்னடா தேடுற?”

“சனியை.”

“அதோ, நிலாவுக்கு மேல மினுங்காம நிக்குதே, அதுவா?”

“அதுதான்.”

“எடுத்த எடுப்பிலே சின்னதைப் பிடிச்சா எப்படி? நிலாவை முதல்ல பிடி. அப்புறம் அதைத் தேடு.”

வில்லையை மாற்றினேன். 25 மில்லிமீட்டர் வில்லையில் உருப்பெருக்கம் 36 மடங்குதான். ஆனால் பார்வைப் பரப்பு அகன்றது. குழலின் வழியே கண்ணோட்டிப் பிறையை நோக்கித் திருப்பியதும் வெளிச்சம் பாய்ந்தது. தலைகீழாய்த் தெரிந்த நிலவு! ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பில் குழிகளின் நிழல்கள் கத்தியால் கீறியவைபோல் கூர்மையாய் விழுந்திருந்தன. அதை நடுவில் நிறுத்திவிட்டுச் சிறு குழலின் திருகுகளைத் திருகி, அதிலும் நிலவு நடுவில் வருமாறு செய்தேன். இரு குழல்களும் ஒரே திசையை நோக்கியது அப்போதுதான். பகலிலேயே தொலைவிலுள்ள ஒரு கோபுரத்தைப் பார்த்துச் செய்துவைக்க வேண்டிய வேலை இது. (பகல் என்றதும் ஓர் எச்சரிக்கை: தொலைநோக்கியைக் கதிரவன் பக்கம் திருப்பவே கூடாது. நொடியில் பார்வை போய்விடும்.)

பிறகு சனி எளிதாய் அகப்பட்டது. 10 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தி, 90 மடங்கில் பார்த்தேன். மணி 7.50.

கறுப்பு இல்லை. வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு மணி. பாடநூல் படங்களில் கண்ட அகன்ற வளையத்தைத் தேடினேன், காணவில்லை. மணியின் குறுக்கே இருபுறமும் நீண்ட மெல்லிய கோடு மட்டும் இருந்தது. கருவி பழுதோ என்று ஐயுற்றேன்.

பழுது என் அறிவில்தான். வளையங்கள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஏறத்தாழ 2,70,000 கிலோமீட்டர் அகன்றவை. தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றின் விளிம்பு பூமியை நோக்கித் திரும்புகிறது. 2025 மார்ச்சில் அது நிகழவிருந்தது. கலிலியோவும் இதில் திகைத்தவரே. 1610இல் சனியின் இருபுறமும் துணைகள்போல் எவையோ நிற்பதைக் கண்டார். 1612இல் பார்த்தபோது அவை மறைந்திருந்தன. வளையம் என்னும் விளக்கத்தை ஹைகன்ஸ் 1659இல் வெளியிட்ட நூலில் தந்தார். அந்தத் திகைப்பில் ஒரு துளி என் மாடியிலும் விழுந்தது.

சனி நழுவிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடத்திற்கொருமுறை பார்வைப் பரப்பின் ஓரம் சென்று மறையும். மீண்டும் பிடிக்க வேண்டும். நகர்வது சனியன்று, நான் நிற்கும் பூமி. பூமி சுழல்கிறது என்று படித்திருக்கிறேன். கழுத்து வலிக்க அதைத் துரத்தியது அன்றுதான். அங்கிருந்து ஒளி வந்துசேர அப்போது 80 நிமிடங்களுக்கு மேல் ஆகும். நான் முக்காலியை விரிப்பதற்கு முன்பே புறப்பட்ட ஒளியைத்தான் கண்டிருக்கிறேன்.

அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தேன். அவர் கண்ணை வைப்பதற்குள் மூன்று முறை நழுவிற்று. நான்காம் முறை அசையாமல் நின்றார்.

“மஞ்சள் மணியில ஈர்க்கு கோத்த மாதிரி இருக்கு.”

அதைவிடப் பொருத்தமான உவமை எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

அதன்பின் வெள்ளியைப் பார்த்தோம்; அது அரைநிலவாய்த் தெரிந்தது. கிழக்கே வியாழனையும் அதன் அருகே வரிசையாய் நின்ற துணைக்கோள்களையும் கண்டோம். குளிரில் அம்மா போர்வையை இழுத்துக்கொண்டார். மாணவியின் கேள்வியை அவரிடம் அப்போதுதான் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் மறைக்கவில்லை.

சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?” என்று கேட்டார்.

“தெரியாதும்மா.”

கீழே இறங்கி, குறிப்பேட்டைத் திறந்தேன். ஒரு சிறு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வரைந்தேன். அதன்கீழ் எழுதினேன்: ‘2025 சனவரி 4, இரவு 7.50. மேற்கு வானில், பிறைக்குச் சற்று மேலே. நிறம் வெளிர்மஞ்சள், கறுப்பன்று.’

பக்கத்தின் தலைப்பில் அவள் பெயரை எழுதினேன்.