இன்னும் கண்டடையாதவை



காணாத ஒன்றைத் தேடுகிறவர்கள் அதைக் குறித்து எப்படிப் பேசவேண்டும்? இவ்வாரம் இதைத் தியானிப்போம்.

கருந்துளைகளைப் பற்றி நம் வாலிபர்கள் என்னிடம் கேட்பதுண்டு. மிகப் பெரிய நட்சத்திரம் எரிந்து முடிந்து, தன் பாரத்தாலேயே உள்நோக்கிச் சரியும்போது கருந்துளை உண்டாகிறது. ஆனால் நட்சத்திரமே இல்லாமலும் அவை தோன்றியிருக்கலாம் என்று 1971-இல் ஸ்டீபன் ஹாக்கிங் எழுதினார். அண்டம் பிறந்த முதற்கணத்தில் பொருள் மிக நெருங்கியிருந்த இடங்கள் சரிந்து, மிகச் சிறிய கருந்துளைகள் ஆகியிருக்கலாம். ஒரு மலையின் எடை, ஓர் அணுக்கருவின் அளவுக்குள் அடங்கியிருக்கும். இவற்றை ஆதிக் கருந்துளைகள் என்கிறார்கள்.

அவை நம்மை விழுங்கிவிடுமோ என்று அஞ்சவேண்டாம். தொலைவிலிருந்து பார்த்தால், அதே எடையுள்ள மலை எவ்வளவு இழுக்குமோ அவ்வளவே அதுவும் இழுக்கும். மேலும், கருந்துளைகள் மெல்ல மெல்லக் கதிர்வீசிக் கரையும் என்று 1974-இல் ஹாக்கிங் காட்டினார். சிறியது விரைவாய்க் கரையும். சுமார் 50 கோடி டன்னுக்குக் குறைவான எடையோடு பிறந்தவை இதற்குள் மறைந்திருக்கவேண்டும். அதைவிடச் சற்றே கனத்தவை இக்காலத்தில் காமா கதிர்களாய் வெடித்து முடியவேண்டும்.

50 ஆண்டுகளுக்கு மேலாகத் தேடியும் உறுதியாக ஒன்றும் அகப்படவில்லை. அறிஞர்கள் அதை மறைக்கவில்லை. "இல்லவே இல்லை" என்றும் முடித்துவிடவில்லை. எவ்வளவுக்கு மேல் அவை இருக்க முடியாது என்பதைத் தேடலினாலேயே அறிந்து எழுதிவைக்கிறார்கள்.

நம் தூத்துக்குடிக்கு இந்த ஒழுங்கு புதிதன்று. முத்துக்குளிப்பை அறிவிக்குமுன் பார்களில் மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து மதிப்பிடுவார்கள். சிப்பி விளையாத ஆண்டில் குளிப்பு இல்லை. 1961-க்குப் பின் இக்கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடலில் இல்லாத முத்தை இருப்பதாக எழுதி ஒருவரையும் ஆழத்தில் இறக்குவது எவ்வளவு கொடுமை!

பிரியமானவர்களே, கடலுக்குப் போன மகனுக்காக ஆண்டுக்கணக்காய் ஜெபிக்கும் தாய்மார் நம் கரையில் உண்டு. "நிச்சயம் வந்துவிடுவான்" என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. "இனி ஜெபிக்காதீர்கள்" என்று சொல்லவும் அதிகாரமில்லை. காணாததைக் கண்டதாகச் சாதிப்பது விசுவாசமன்று. "இன்னும் காணவில்லை" என்று தேவனிடத்தில் உண்மையாய்ச் சொல்லி, அவருடைய பாதத்தை விடாமல் பற்றியிருப்பதே விசுவாசம். அப்படிக் காத்திருக்கிறவர்களுக்கு நம்முடைய விளக்கங்கள் வேண்டாம். அவர்கள் அருகில் சென்று அமருவோம்.

ஆண்டவரே, உண்மையாய்க் காத்திருக்க எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.